நிலாவில் அரிசித் தூசி

லம்பா லைன்,
போர்ட் பிளேர்.
டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மரகதத்துக்கு,

நலம் என்று எழுதித்தான் ஒரு கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆபீசுக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் மீனாவிடமிருந்துதான் வருகிறது. போன் போட்டால் அவள்தான் எடுக்கிறாள். "அக்கா தூங்குது மாமா" என்கிறாள். காலையிலும் தூங்குகிறாய், மாலையிலும் தூங்குகிறாய். உன் தங்கைக்குப் பொய் சொல்ல வராது, பாவம். அவளை ஏன் கஷ்டப்படுத்த வேண்டும் என்றுதான் கடிதம் எழுதுகிறேன். கடிதத்தை அவள் எடுத்துப் பேச முடியாது.

இங்கே மழை விட்டுவிட்டது. நீலாவதி அக்கா இரண்டு தடவை மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நீ சொல்வாய் என்பதால் ஒரு தடவை வாழைப்பழம் போட்டுக் கொடுத்தேன், இன்னொரு தடவை சீனி போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் ஒழுங்காக வருகிறது. தண்ணீர் செக்‌ஷனில் வேலை பார்க்கிறவன் வீட்டுக்கே தண்ணீர் வருகிறது என்று தெருவில் எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள்.

நம் பிள்ளையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து மீனா உன்னை மானாமதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாளே, அன்றைக்கு நான் ஏர்போர்ட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து மொட்டை மாடி ஏறினேன். நீங்கள் போன விமானம் நம் வீட்டுக்கு மேலேதான் போனது. கையை ஆட்டலாமா என்று நினைத்து, பிறகு ஆட்டவில்லை.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஆபீசில் எல்லாரும் அழுதுவிட்டால் பாரம் குறையும் என்கிறார்கள். பாரமும் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறது. தொட்டால் என் கன்னம்தான், ஆனால் என்னுடையது மாதிரி இல்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடலாமா என்றும் யோசித்தேன். கோகுலின் போனைத் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன். எதற்கு என்று என்னைக் கேட்காதே. புதன்கிழமை ஆபீஸ் மேசையில் வைத்திருந்தபோது அது அடித்தது. ஹட்டோ பார்சல் கோடவுனிலிருந்து ஒருவன் பேசினான். கோகுல் பாய் இருக்கிறாரா என்று இந்தியில் கேட்டான். இல்லை என்றேன். சென்னையிலிருந்து அவர் பார்சல் வந்துவிட்டது, புயல் எச்சரிக்கையில் கப்பல் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றான். அவன் இறந்துவிட்டான் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. "கல் ஆகே லே ஜானே போலோ" என்றான். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டுமாம். சரி, சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் நானே போய் வாங்கி வந்தேன். அந்த வளையம்தான். டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டுவதற்கு வேண்டும் என்று தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தானே, அது. உன் வளையலைவிடச் சின்னது. கறுப்பு. கையில் வைத்தால் கனக்கிறது. இதைக் கேட்கப் போனபோதுதான் அன்றைக்கு ஜங்லிகாட் இறக்கத்தில் மழையில் அவன் பைக் சறுக்கியது. இதை எழுதும்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியோடு அவன் மேசை மேல் வைத்திருக்கிறேன்.

நீ மீனாவிடம் சொல்லி அனுப்பியதெல்லாம் வந்து சேர்ந்தது. அந்த டெலஸ்கோப் குழாய் இருக்கிற வீட்டுக்கு நீ வர மாட்டாய், அதை யாருக்காவது தள்ளிவிட்டு, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு நான் அங்கே வந்துவிட வேண்டும். செய்கிறேன். புரோத்ராபூரில் பன்னீர்செல்வம் என்று ஒரு சயின்ஸ் வாத்தியார் இருக்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படுகிறாராம். பேசியிருக்கிறேன்.

மாத்திரையை விடாமல் போட்டுக்கொள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே.

இப்படிக்கு,
ஜம்புலிங்கம்


லம்பா லைன்.
ஜனவரி, பொங்கல் கழித்து.

அன்புள்ள மரகதத்துக்கு,

முதல் கடிதம் கிடைத்ததா என்று மீனாவைக் கேட்டேன். கிடைத்தது, அக்கா வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தது என்றாள். படித்தாயா என்று அவளுக்குத் தெரியவில்லை. தலையணைக்கு அடியில் இருக்கிற கடிதத்துக்குத் துணையாக இதையும் அனுப்புகிறேன்.

பொங்கல் வைக்கவில்லை. வைக்கவும் கூடாது. அன்றைக்கும் சாதம்தான் வடித்தேன். டிரம்மில் அரிசி குறைந்துவிட்டதால் கையை நீட்டி ஆழாக்கால் அள்ளினேன். ஆழாக்கு எதிலோ இடித்தது. தோண்டி எடுத்தால் ஒரு துணி மூட்டை. என் பழைய வேட்டியைக் கிழித்து, உன் இரட்டை முடிச்சுப் போட்டு, உள்ளே கோகுலின் கேமரா.

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, உலைத் தண்ணீர் பாதி வற்றிவிட்டது.

மழைக்காலம் வந்தால் கேமரா கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும் என்று நீ அதை அரிசிக்குள் புதைத்து வைப்பாய். அம்மா என் கேமராவைச் சோறாக்கிடப் போறாங்க என்று அவன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். ஆனால் இது அவன் இருந்தபோது வைத்தது இல்லை. பைக் சறுக்கிய அன்று காலையில் கேமரா அவன் மேசை மேல் இருந்ததை நான் பார்த்தேன். லென்சைக் கழற்றித் தனியாக வைத்திருந்தான். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று, வாசலில் வண்டி நிற்கும்போது, ஒரு நிமிஷம் இரு என்று மீனாவை நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் போனாய். தண்ணீர் குடிக்கிறாய் என்று நினைத்தேன்.

ஏன் வைத்தாய் என்று நான் கேட்கவில்லை.

பன்னீர்செல்வம் வாத்தியார் வந்து டெலஸ்கோப்பைப் பார்த்தார். இதில் கேமரா மாட்டிப் படம் எடுக்கலாமா, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வேலை செய்யாத சாமானைப் பிள்ளைகளுக்கு என்று கொடுக்கக் கூடாது அல்லவா? ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதற்காகத்தான் செய்தேன். வேறொன்றும் இல்லை.

சனிக்கிழமை ஆபீஸ் இல்லை. இப்போது இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, உனக்குத் தெரியாததா. ஏர்போர்ட் வெளிச்சத்தில் மற்ற நட்சத்திரமெல்லாம் கரைந்துவிடும், நிலா ஒன்றுதான் இந்த மாடிக்கு நிஜம் என்று அவன் சொல்வான். வளர்பிறை, மேற்கே நின்றது. குழாயைத் தூக்கி நிறுத்தினேன். குழாயின் மேல் நுனியில் கண் வைத்துப் பார்க்கிற வில்லையைக் கழற்றினேன். கேமராவின் வாயில் வளையத்தை வைத்துத் திருகினால் டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் அவன் காத்துக்கொண்டிருந்தான் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

கேமராவை மாட்டியதும் கனம் தாங்காமல் குழாய் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. பின்பக்கம் எடை கட்ட வேண்டும். வீட்டில் தேடி, இஞ்சி இடிக்கிற உன் இரும்பு உலக்கையை எடுத்துப் பழைய துண்டால் குழாயின் அடியில் கட்டினேன். சரியாக நின்றது. கோபப்படாதே, கழுவித்தான் வைப்பேன்.

நின்றதே தவிர, படம் தெரியவில்லை. கேமராவின் பின்னால் உள்ள திரையில் மோர் ஊற்றின மாதிரி வெள்ளையாக ஒரு கலக்கம். பக்கத்தில் உள்ள குமிழைத் திருகத் திருகக் கலக்கம் கொஞ்சம் சுருங்கியது, நிலா ஆகும் என்று பார்த்தால் குமிழ் கடைசியில் முட்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் உள்ளே போகாது. மறுநாளும் பார்த்தேன், அப்படியேதான்.

கோகுலோடு செல்போன் டவர் கம்பெனியில் இருந்தானே பாலகுமார், அவனை இப்போது ஹட் பே தீவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அவனுக்குப் போன் போட்டேன். கேமரா மாட்டுகிறேன், தெளிவு வரவில்லை என்றேன். "அங்கிள், கோகுலும் இதைத்தான் பயந்துட்டு இருந்தான்" என்றான். வெளிச்சம் குழாய்க்கு உள்ளேயே ஒரு இடத்தில் கூடிவிடுகிறதாம், கேமரா அதற்கு வெளியே தள்ளி உட்கார்ந்திருப்பதால் கலக்கமாகத் தெரிகிறதாம். நடுவில் லென்ஸ் வைத்த ஒரு சின்னக் குழல் சொருக வேண்டும், அது வெளிச்சத்தைக் கேமரா வரைக்கும் இழுத்துக்கொண்டு வரும் என்றான். டெலஸ்கோப் வாங்கும்போதே கூட வந்ததாம். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும், வீட்டில் தேடுங்கள் என்றான்.

அவன் மேசை, அலமாரி, கட்டில் அடி எல்லாம் பார்த்துவிட்டேன். இல்லை. பார்க்காத இடம் ஒன்றுதான் பாக்கி. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த அவன் பை. வந்த நாளிலிருந்து ஆணியில் தொங்குகிறது. நீயும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

இன்றைக்கும் அதன் முன்னால் போய் நின்றுவிட்டு வந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

விருப்ப ஓய்வு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. மீனாவின் வீட்டில் நீ அடுப்படிப் பக்கமே வருவதில்லையாமே. ஒரு வாய் காப்பியாவது உன் கையால் போட்டுக் குடி.

இப்படிக்கு,
ஜம்புலிங்கம்


லம்பா லைன்.
பிப்ரவரி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மரகதம்,

இந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைக்காதே. படி. மீனா, இதை நீ பார்த்தால் அக்காவைப் படிக்கச் சொல். முடியவில்லை என்றால் நீயே பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டு.

பையைத் திறந்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை, பயப்படாதே. மழைக்கோட்டு மடித்தபடி இருந்தது. கம்பெனி அடையாள அட்டை, பூஞ்சை பூத்து முகம் மறைந்துவிட்டது. அடியில் ஒரு சாக்ஸ். அது என்னுடையது. சாம்பல் நிற ஜோடியில் ஒன்றைக் காணோம் என்று உன்னிடம் ஒரு காலை முழுவதும் சண்டை போட்டேனே, அந்த ஒன்று. அதற்குள் கட்டைவிரல் நீளத்தில் சின்னக் குழல். அடிபடாமல் இருக்க அதற்குள் போட்டிருக்கிறான். உன்மேல் பழி போட்டதற்கு இப்போது சொல்லிக்கொள்கிறேன், நீ சாக்சைத் தொலைக்கவில்லை.

குழல் கிடைத்துவிட்டது என்று பாலகுமாருக்குச் சொன்னேன். எங்கே இருந்தது என்று கேட்டான். பையில் என்றேன். "ஆமா அங்கிள், எடுத்துட்டுப் போறேன்னுதான் சொன்னான்" என்றான். எப்போது சொன்னான் என்று கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் பேசினார்களாம். நாளைக்குக் காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஹட்டோ போகிறேன், வளையம் வந்திருந்தால் கோடவுனிலேயே குழலை வைத்துப் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுவேன், பொருந்தாவிட்டால் அடுத்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம் என்று சொல்லியிருக்கிறான்.

முந்தின நாள் சாயங்காலம், மரகதம்.

நீ என்னோடு ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். குழாய் மேல் உனக்குக் கோபம் இல்லை. அன்று காலை அவன் ஷூவை மாட்டிக்கொண்டு, இன்னும் பார்சல் வரவில்லை, போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தான். நீ தோசை ஊற்றிக்கொண்டே, "சும்மா பொலம்பாம ஒரு தரம் நேர்லயே போய்க் கேட்டுட்டுப் போயேன்டா" என்றாய். நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன், எனக்குக் கேட்டது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நீ இத்தனை நாளாக உன்னையே கொன்றுகொண்டிருக்கிறாய். அதை நான் கேட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். என் குரலைக் கேட்டால் அதுதான் ஞாபகம் வரும் என்று போனை எடுக்க மாட்டேன் என்கிறாய்.

நீ அவனை அனுப்பவில்லை. நீ சொல்லும்போது பை அவன் தோளில் மாட்டியாகிவிட்டது. பைக்குள் சாக்ஸ் இருந்தது, சாக்சுக்குள் அந்தக் குழல் இருந்தது. அவன் போவதாக ஏற்கனவே முடிவு பண்ணிவிட்டான். நீ வாயே திறக்காமல் தோசை ஊற்றியிருந்தாலும் அந்த ரோட்டில்தான் போயிருப்பான். நான் ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் பாலகுமாரிடம் கேள், அவன் நம்பர் கோகுல் போனில் இருக்கிறது, நான் தருகிறேன். எனக்கு ஆறுதல் சொல்லவெல்லாம் தெரியாது என்று உனக்கே தெரியும்.

இனி நிலா விஷயம். திங்கட்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததும் மாடிக்குப் போனேன். அரை நிலா, உச்சியில் நின்றது. குழலைச் சொருகி, அதன் மேல் வளையம், வளையத்தில் கேமரா. உலக்கையைக் கட்டினேன். குமிழை மெதுவாகத் திருகினேன். கலக்கம் சுருங்கிச் சுருங்கி ஒரு இடத்தில் கோடு விழுந்தது, பிறகு பள்ளம் பள்ளமாக நிலா வந்து நின்றது. கை பட்டால் படம் ஆடும், பொத்தானை அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் தானே எடுக்கிற மாதிரி வைக்க வேண்டும் என்று பாலகுமார் சொல்லியிருந்தான். அப்படியே வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். டெலஸ்கோப்புக்கு நான் மூச்சு விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன.

படம் விழுந்தது. இன்னும் நாலைந்து எடுத்தேன். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசித்தது. கீழே வந்து இரண்டாம் தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் உப்புப் போதவில்லை என்று தெரிந்தது.

படத்தில் நிலாவின் வெள்ளையான பக்கத்தில் சின்னச் சின்னதாக மங்கல் புள்ளிகள் இருந்தன. அதுவும் பள்ளம் என்று நினைத்தேன். பாலகுமாருக்கு அனுப்பினேன். எல்லாப் படத்திலும் நிலா நகர்ந்திருக்கிறது, புள்ளி மட்டும் அதே இடத்தில் இருக்கிறது, அப்படியென்றால் அது நிலாவில் இல்லை என்றான். "சென்சார்ல தூசி அங்கிள். ப்ளோயர் வச்சு ஊதினா சாஃப் ஆயிடும்" என்றான், சுத்தமாகிவிடுமாம். வளையத்தைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். வெள்ளையாக, மாவு மாதிரி. அரிசித் தூசி. லென்ஸ் இல்லாமல் வாய் திறந்திருந்த கேமராவை நீ வெறும் துணியில் கட்டி வைத்துவிட்டாய். துணி வழியாக இறங்கியிருக்கிறது. அவன் லென்சைக் கழற்றி வைத்தது உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

பாலகுமாரிடம் சொன்னேன். இனிமேல் அரிசியில் வைக்காதீர்கள் என்றான். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ப்ளோயர் கொண்டு வந்து தானே ஊதித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அபர்தீன் பஜார் ஸ்டுடியோவில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். கடைக்காரர் இந்தப் புள்ளியையெல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். அவரிடமும் வேண்டாம் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் படம்தான் இதோடு இருக்கிறது. கசங்காமல் அட்டை வைத்து அனுப்புகிறேன். கோகுல் எடுக்க நினைத்தது, நான் எடுத்தது, புள்ளியெல்லாம் உன்னுடையது.

பன்னீர்செல்வம் வாத்தியார் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நேற்றுக் கேட்டார். சரியாக இருக்கிறது, ஆனால் வீட்டில் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றேன். நல்ல மனிதர், புரிந்துகொண்டார். நீ கொடு என்றால் கொடுத்துவிடுகிறேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடு என்றாலும் போட்டுவிட்டு, உலக்கையைக் கழுவி மூட்டை கட்டிக்கொண்டு அங்கே வந்துவிடுகிறேன். எதுவானாலும் நீ சொல்ல வேண்டும். மீனா வாயால் வேண்டாம்.

தண்ணீர் இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். நீலாவதி அக்கா உன்னைத் தினமும் கேட்கிறார்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் போடுகிறேன், அதற்குள் கடிதம் வந்துவிடும். நீயே எடு. ஒன்றும் பேச வேண்டாம். டிரம்மில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேள். பாலகுமார் சொன்னதையும் மீறி, கேமராவை மறுபடியும் துணியில் கட்டி அரிசிக்குள்தான் வைத்திருக்கிறேன். எனக்கு உன் இரட்டை முடிச்சு போட வரவில்லை. கட்டக் கட்ட அவிழ்ந்துகொண்டே இருக்கிறது, மரகதம்.

உன்,
ஜம்புலிங்கம்